தட்டில் கிடந்த தவளையும் புத்தகத்தில் இருந்த தவளையும்

1875இல் லண்டனில் உயிரியல் செய்முறைக் கையேடு ஒன்று வெளிவந்தது. எழுதியவர்கள் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லியும் அவருடைய உதவியாளர் ஹென்றி நியூவெல் மார்ட்டினும். ஈஸ்ட், பச்சைப் பாசி, அமீபா என்று மிக எளிய உயிர்களில் தொடங்கி, பெரணி, அவரைச் செடி, ஹைட்ரா, நன்னீர் மட்டி, சிங்கி இறால் என்று ஏறிச் சென்று, கடைசியில் தவளையில் வந்து முடியும் நூல் அது. 1888இல் ஹோவ்ஸ், ஸ்காட் இருவரும் அதைத் திருத்தி விரிவாக்கியபோது வரிசை தலைகீழானது. தவளை முதலில் வந்தது. இரைப்பை, இதயம், நுரையீரல் என்பவை தன் உடம்பிலும் இருப்பதால் மாணவனுக்கு ஓரளவு பழக்கமானவை. நுண்ணோக்கியில் தெரியும் ஒற்றை செல் முற்றிலும் புதியது. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போவதே கற்பிக்க ஏற்ற வழி என்று அனுபவத்தில் கண்டதாக ஹக்ஸ்லியே அந்தப் பதிப்பின் முன்னுரையில் ஒப்புக்கொண்டார். அதன் பிறகு நூறாண்டுக்கும் மேலாக, லண்டன் முதல் சென்னை வரை, விலங்கியல் படிக்க வந்தவர் கையில் கத்தி பிடித்துத் திறந்த முதல் முதுகெலும்பு விலங்கு பெரும்பாலும் தவளையாகவே இருந்தது.

ஹக்ஸ்லி இந்தக் கற்பிக்கும் முறையைத் தொடங்கியது 1871 கோடையில், சவுத் கென்சிங்டனில், பள்ளி ஆசிரியர்களுக்காக நடத்திய வகுப்பில். மைக்கேல் ஃபாஸ்டர், ரே லங்கெஸ்டர், வில்லியம் ரூதர்ஃபோர்டு ஆகியோர் உடன் இருந்து மேசை மேசையாகச் சென்று வழிகாட்டினார்கள். காலையில் விரிவுரை, அதன் பின் சற்றுமுன் கேட்டதை மாணவரே தம் கையால் அறுத்துச் சரிபார்ப்பது என்பது ஏற்பாடு. அதுவரை விலங்கியல் என்றால் பேராசிரியர் பேசுவதைக் கேட்பதும், அருங்காட்சியகத்தின் கண்ணாடிக் குடுவைகளை எட்ட நின்று பார்ப்பதும்தான். நூலில் எழுதியிருப்பதும் பேராசிரியர் சொல்வதும் இயற்கை சொல்வதாகிவிடாது, ஒவ்வொருவரும் தாமே பார்க்க வேண்டும் என்பது ஹக்ஸ்லியின் நிலை. அப்படியானால் வகுப்பறைத் தவளை வந்தது புத்தகத்தின் அதிகாரத்தை உடைக்க. அதே தவளை நம் கல்லூரிகளில் புத்தகத்தின் அதிகாரத்தை நிலைநாட்டும் சடங்காக எப்படி மாறியது என்பதே இங்கே கேட்க வேண்டிய கேள்வி. தவளை அறுப்பு 2011க்குப் பிறகு இந்தியாவில் நின்றது பற்றி, ஆதரித்தும் எதிர்த்தும், இரண்டு தரப்பிலும் நிறையப் பேசிவிட்டார்கள். நின்றுபோவதற்கு வெகு காலம் முன்பே அது தன் நோக்கத்தை இழந்துவிட்டது, இழக்கச் செய்தது செய்முறைத் தேர்வு என்பதை இரு தரப்பும் கணக்கில் எடுக்கவில்லை.

முதலில், விஞ்ஞானிகள் தவளையை எதற்காக நாடினார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். 1661இல் இத்தாலியின் மார்செல்லோ மல்பீகி தவளையின் நுரையீரலை உருப்பெருக்கியில் பார்த்து, தமனிகளையும் சிரைகளையும் இணைக்கும் நுண்குழாய்களைக் கண்டார். இரத்தம் உடலைச் சுற்றி வருகிறது என்று 1628இல் வில்லியம் ஹார்வி எழுதியபோது அவரால் காட்ட முடியாமல் போன கடைசி இணைப்பு அதுதான். தவளையின் நுரையீரல் மெல்லிய, ஒளி ஊடுருவும் பை என்பதால்தான் அது கண்ணுக்குக் கிடைத்தது. நெதர்லாந்தின் யான் ஸ்வாமர்டாம் தவளையின் தசையை நரம்போடு பிரித்தெடுத்து, நரம்பைத் தீண்டினால் தசை சுருங்குவதைக் காட்டினார். லூயிஜி கால்வானி 1780களில் தொடங்கிய தவளைக்கால் சோதனைகள் மின்சாரத்தின் வரலாற்றையே திருப்பின. 1921இல் ஓட்டோ லோவி ஒரு தவளை இதயத்தைச் சூழ்ந்த திரவத்தை இன்னொரு தவளை இதயத்தின் மேல் செலுத்தி, நரம்பு தன் செய்தியை வேதிப்பொருள் மூலம் அனுப்புகிறது என்று நிறுவினார். இவர்கள் யாரும் உறுப்புகளின் பெயர்ப் பட்டியலைத் தேடித் தவளையிடம் போகவில்லை. உடலிலிருந்து பிரித்த பின்பும் தவளையின் தசையும் நரம்பும் இதயமும் நெடுநேரம் இயங்கும். வெப்ப இரத்த விலங்குகளிடம் அது கிடைக்காது. இயக்கத்தைப் பார்க்க வாய்ப்பளித்ததால்தான் தவளை அறிவியலுக்குள் வந்தது.

வகுப்பறைக்கு வந்த தவளை மெல்ல மெல்ல இயங்காத தவளையாயிற்று. இதில் சட்டத்துக்கும் பங்குண்டு. 1876இல் பிரிட்டன் இயற்றிய விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், உயிருள்ள முதுகெலும்பிகள் மீது வலிதரும் சோதனைகளைச் செய்ய உரிமம் கேட்டது. விரிவுரையில் செய்துகாட்டத் தனிச் சான்றிதழ் வேண்டும் என்றது. அதற்கு முந்தைய ஆண்டு அமைந்த விசாரணை ஆணையத்தில் ஹக்ஸ்லி உறுப்பினர். உயிருள்ள தவளையைத் தூண்டிலில் கோத்து மீன் பிடிக்கும் சிறுவனை ஒன்றும் செய்யாமல், தவளையின் கால் சவ்வில் இரத்தம் ஓடுவதைக் காட்டும் ஆசிரியரைக் குற்றவாளியாக்குவது என்ன நியாயம் என்று அவர் வெளிப்படையாகவே வருந்தினார். அந்த வருத்தத்தில் நியாயம் இருந்தது. ஆனால் சட்டத்தின் நோக்கமும் தவறானதல்ல. மயக்க மருந்தில்லாமல் நாய்களை அறுத்துக் காட்டும் விரிவுரைகள் அக்காலத்தில் ஐரோப்பாவில் நடந்துகொண்டுதான் இருந்தன. நடைமுறையில் விளைந்தது ஒரு பிரிவினை. உடலியங்கியல் மருத்துவக் கல்லூரியின் ஆய்வகத்துக்குள் ஒதுங்கியது. பொதுக் கல்லூரிக்கும் பள்ளிக்கும் எஞ்சியது இறந்த தவளையும் அதன் உள்ளமைப்பும். ஆர்தர் மில்ன்ஸ் மார்ஷல் 1882இல் எழுதிய தவளைக் கையேடு போன்ற நூல்கள் இந்த எஞ்சிய பாதியைத் துல்லியமான கட்டளைகளாக வகுத்துக் கொடுத்தன: எங்கே வெட்டுவது, எதை விலக்குவது, அடுத்து எது தெரியும். அடுத்து என்ன தெரியும் என்று முன்கூட்டியே சொல்லும் நூலைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பவர், தானாகப் பார்க்கிறார் என்று சொல்வது அப்போதே கடினமாகிவிட்டது.

அந்தச் சட்டம் இந்தியாவுக்குப் பொருந்தவில்லை. ஆனால் பாடத்திட்டமும் பாடநூலும் லண்டனிலிருந்தே வந்தன. 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் லண்டன் பல்கலைக்கழகத்தின் மாதிரியில் தொடங்கப்பட்டபோது, அவை கற்பிக்கும் நிறுவனங்கள் அல்ல, தேர்வு நடத்தும் நிறுவனங்கள். கற்பித்தது இணைப்புக் கல்லூரிகள், மதிப்பிட்டது பல்கலைக்கழகம். இங்கே தேர்வு முதலில் வந்தது, ஆய்வகம் பின்னால் வந்தது. ஹக்ஸ்லியின் ‘மாதிரி உயிர்’ முறை, அதாவது ஒரு பெரும் பிரிவுக்கு ஒரு விலங்கை எடுத்து ஆழப் படிப்பது என்பது, இந்த அமைப்புக்கு மிகவும் வசதியாகப் போயிற்று. தொலைவிலுள்ள கல்லூரிகளுக்கெல்லாம் ஒரே தவளை, ஒரே மண்புழு, ஒரே கரப்பான் என்று விதித்துவிட்டால் ஒரே கேள்வித்தாள் போதும். புற உலகத்தின் பன்மையைக் காட்ட வேண்டிய பாடம், மதிப்பெண் இடுவதற்கு ஏற்ற ஒருமையைத் தேடிப் போயிற்று.

இந்த ஒருமை எவ்வளவு பிசகானது என்பதற்கு மண்புழுவே சான்று. ஆங்கிலப் பாடநூல்கள் விவரித்தது ஐரோப்பாவின் லும்ப்ரிகஸ். இந்திய மாணவர் தட்டில் கிடந்தது ஃபெரெடிமா. அதன் கழிவு நீக்க உறுப்புகள் பல குடலுக்குள்ளேயே திறக்கின்றன என்பதைக் கண்டுபிடித்து 1919இல் எழுதியவர் கரம் நாராயண் பால். இந்திய விலங்கை இந்தியர் தம் கண்ணால் பார்த்து எழுத வேண்டும் என்பதற்காக லக்னோவில் இருந்துகொண்டு ‘இந்திய விலங்கியல் நினைவேடுகள்’ என்ற வரிசையைத் தொடங்கினார். முதல் ஏடு 1926இல் வந்த அவருடைய ஃபெரெடிமா. அடுத்து வந்தவற்றுள் ஒன்று இ. எம். தில்லையம்பலம் எழுதிய சுறா பற்றிய ஏடு, 1928இல் வெளியானது. சென்னை மாகாணத்தில் எம். ஏகாம்பரநாத ஐயரின் விலங்கியல் பாடநூல் பல தலைமுறைகளுக்குக் கைநூலாயிற்று. ஐரோப்பியத் தவளைக்குப் பதிலாக நம் வயல்களின் பெருந்தவளை, அப்போதைய பெயரில் ரானா டைக்ரினா, தட்டுக்கு வந்தது. இது பெரிய சாதனை, ஐயமில்லை. ஆனாலும் தேர்வு இந்தச் சாதனையையும் தனக்குள் இழுத்துக்கொண்டது. பால் தன் கண்ணை நம்பியதால் கண்டறிந்தது, அடுத்த தலைமுறைக்கு மனப்பாடம் செய்ய வேண்டிய படமாகிவிட்டது.

விலங்கியல் செய்முறைத் தேர்வு எப்படி நடந்தது என்பது இந்த நாட்டில் அறிவியல் படித்த ஏராளமானோருக்குத் தெரியும். ‘மேஜர்’ என்பது தவளையின் தமனி மண்டலம், சிரை மண்டலம், அல்லது எல்லாரும் அஞ்சிய மூளை நரம்புகள். ‘மைனர்’ ஒரு சிறு உறுப்பைப் பிரித்தெடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைப்பது. அப்புறம் ‘ஸ்பாட்டர்கள்’, அதாவது பார்த்ததும் அடையாளம் சொல்ல வேண்டிய மாதிரிகள். குளோரோஃபார்ம் கொடுத்த தவளை மெழுகுத் தட்டில் மல்லாத்திக் குண்டூசிகளால் பொருத்தப்படும். நரம்பு தெரிய அதன் கீழே கறுப்புத் தாள் துண்டு செருகப்படும். குண்டூசியில் சிறு காகிதக் கொடி ஒட்டிப் பெயர் எழுதிக் குத்தப்படும். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒவ்வொரு தட்டாகக் குனிந்து பார்ப்பார். அவர் பார்ப்பது அந்தத் தவளை பாடநூலின் படத்தை எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரிட்டிஷ் ஆய்விதழ்களில் ஒரு சிரை கூடுதலாக இருந்த தவளை, ஒரு நாளம் இடம் மாறியிருந்த தவளை என்று சிறு குறிப்புகள் வெளிவருவதுண்டு. தட்டில் கண்ட விலகல் அங்கே செய்தி. நம் தேர்வுக்கூடத்தில் அதே விலகல் மாணவரின் துரதிர்ஷ்டம். ரெக்கார்டு நோட்டிலும் இதே கதைதான். படம் தட்டைப் பார்த்து வரையப்படவில்லை. அச்சுப் படத்திலிருந்தோ மூத்த மாணவரின் நோட்டிலிருந்தோ பெயர்த்து எடுக்கப்பட்டது.

புத்தகமும் தவளையும் மோதும்போது யார் சொல்வது ஏற்கப்பட்டது என்பதைத் தவளையின் இதயம் பற்றிய பாடம் தெளிவாகக் காட்டும். தவளைக்கு இரண்டு ஏட்ரியம், ஒரே வென்ட்ரிக்கிள். நல்ல இரத்தமும் கெட்ட இரத்தமும் ஒரே அறைக்குள் வந்தால் கலந்துவிடாதா? கலப்பதில்லை, இதயத்தின் மேல்தண்டிலுள்ள சுருள் வால்வு ஒவ்வொன்றையும் வெவ்வேறு தமனிக்கு முறையாக வழிநடத்துகிறது என்று பிரூக்கேயும் சபாட்டியேயும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் விளக்கினார்கள். அழகான விளக்கம், அதனால்தான் பாடநூல்களில் நிலைத்தது. 1933இல் வான்டர்வேலும் 1947இல் ஃபாக்ஸனும் உயிருள்ள தவளைகளில் இரத்த ஓட்டத்தைப் பின்தொடர்ந்து சோதித்தபோது அந்த நேர்த்தியான பிரிவினை கிடைக்கவில்லை. பிறகு வந்த ஆய்வுகள் ஓரளவு பிரிவினை உண்டு என்றும் காட்டின; விவாதம் நீண்டது. தவளை தோலாலும் சுவாசிக்கிறது என்பதை நினைத்தாலே பழைய விளக்கத்தில் ஓர் ஓட்டை தெரியும்: தோலிலிருந்து ஆக்சிஜன் ஏற்றுக்கொண்டு வரும் இரத்தம் போய்ச் சேர்வது ‘கெட்ட இரத்த’ அறையான வலது ஏட்ரியத்தில். ஆக இது உயிருள்ள தவளையிடம் கேட்க வேண்டிய கேள்வி; இறந்த தவளையின் தமனிகளை எத்தனை முறை பிரித்துக் காட்டினாலும் விடை வராது. வகுப்பில் பழைய விளக்கம் முடிந்த உண்மையாகவே கற்பிக்கப்பட்டு வந்தது. தட்டிலிருந்த தவளை அதற்குச் சாட்சியம் போல நிறுத்தப்பட்டது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. எவ்வளவு இயந்திரத்தனமாக நடந்திருந்தாலும், ஒரு உயிரின் உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பெரும்பாலான மாணவர்கள் வாழ்நாளில் நேராகப் பார்த்தது அந்த ஒரு முறைதான். மயக்கிய தவளையின் மார்பைத் திறக்கும்போது இதயம் இன்னும் துடித்துக்கொண்டிருக்கும். துடிப்பைப் பிறப்பிப்பது இதயத் தசையே, அதற்கு மூளையின் ஆணை வேண்டியதில்லை. எந்தப் படமும் இதைத் தராது என்பார்கள். உண்மை. இந்த மறுப்பை நான் மதிக்கிறேன், ஏனெனில் அது தவளையின் பக்கம் நின்று பேசுகிறது. ஆனால் அந்தத் துடிப்புக்குத் தேர்வில் என்ன இடம் இருந்தது? எத்தனை நிமிடம் துடிக்கிறது, குளிர்ந்த நீரை விட்டால் வேகம் குறைகிறதா, எந்த அறை முதலில் சுருங்குகிறது என்று கேட்கப்பட்டதா? மருத்துவக் கல்லூரியின் உடலியங்கியல் ஆய்வகத்தில் புகைபடிந்த உருளையில் தவளைத் தசையும் இதயமும் கோடு வரைந்தன, அங்கே கேட்டார்கள். விலங்கியல் மேசையில் அந்தத் துடிப்பு, கொடி குத்தும் வேலைக்கு நடுவே தற்செயலாகக் கிடைத்த ஒன்று. மிகச் சிறந்த பகுதி பாடத்திட்டத்துக்கு வெளியே நிகழ்ந்தது என்றால், அது பாடத்திட்டத்துக்கான வாதமாகாது.

கைத்திறன் போய்விடும், நல்ல மருத்துவர்கள் கிடைக்கமாட்டார்கள் என்பது இன்னொரு மறுப்பு. மருத்துவ மாணவர் முதலாண்டில் மனித உடலையே அறுத்துப் படிக்கிறார். அதற்குத் தவளை முன்பயிற்சியாக இருக்க வேண்டிய தேவை குறைவு. விலங்கியல் பட்டம் பெற்ற பெரும்பாலோர் மருத்துவரானவர்களும் அல்ல. தேர்வு இல்லாவிட்டால் இந்தியக் கல்லூரிகளில் ஆய்வகமே வந்திருக்காது என்று ஒருவர் சொன்னால் அதை மறுப்பது கடினம். செய்முறைத் தாள் கட்டாயம் என்பதால்தான் மேசையும் தட்டும் நுண்ணோக்கியும் வாங்கப்பட்டன. தேர்வு ஆய்வகத்தைக் கொண்டுவந்தது. பிறகு அதில் என்ன நடக்க வேண்டும் என்பதையும் தானே முடிவு செய்தது. இரண்டும் சேர்ந்ததுதான் வரலாறு.

தவளை அறுப்பின் முடிவு எப்படி வந்தது என்பதிலும் நமக்கு நெருங்கிய தொடர்பு இருக்கிறது. மாநிலங்களவை உறுப்பினராக ருக்மிணி தேவி அருண்டேல் 1950களில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் தொடர்ச்சியாகவே 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. வாரியம் பல பத்தாண்டுகள் சென்னையிலிருந்தே இயங்கியது. அந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, நூல், மாதிரி, திரைப்படம் முதலியவை போதுமான இடத்தில் கல்லூரிகள் விலங்குச் சோதனையைத் தவிர்க்க வேண்டும் என்று அப்போதே சொல்லிவிட்டது. கல்லூரிகள் அரை நூற்றாண்டு அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இதற்கிடையில் தவளைக்கால் ஏற்றுமதி வளர்ந்து, வயல்களிலிருந்து பெருந்தவளைகள் டன் டன்னாகப் பிடிக்கப்பட்டன. 1985இல் அந்த இனம் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ந்தது, 1987இல் இந்தியா ஏற்றுமதியைத் தடை செய்தது. ஏற்றுமதியோடு ஒப்பிட்டால் ஆய்வகங்கள் எடுத்தது சொற்பம்தானே என்று கேட்கலாம். சொற்பம்தான். ஆனால் இரண்டுக்கும் ஒரே இனம், ஒரே வயல். ஆய்வகத் தவளைகளும் பண்ணையில் வளர்ந்தவை அல்ல, காட்டிலும் கழனியிலும் பிடிக்கப்பட்டவை. பூச்சிகளைத் தின்று நெல்லுக்குக் காவல் நின்ற ஒரு விலங்கை, விடை ஏற்கெனவே அச்சிட்டிருக்கும் கேள்விக்காக ஆண்டுதோறும் கொல்வதற்கு, எண்ணிக்கை குறைவு என்பது சமாதானமாகாது. 2011இல் பல்கலைக்கழக மானியக் குழு, பட்ட வகுப்பில் மாணவர்கள் அறுப்பதை நிறுத்தி ஆசிரியர் ஓர் இனத்தில் மட்டும் செய்துகாட்டலாம் என்ற அளவுக்குக் குறைத்தது. 2014இல் முற்றாக நிறுத்தச் சொன்னது.

இடத்தை நிரப்ப வந்தது கணினி. சென்னையின் ப்ளூ கிராஸ் அமைப்பு ‘கம்ப்யூஃப்ராக்’ என்ற மென்பொருளை முன்னரே உருவாக்கிப் பரப்பியிருந்தது. எந்த உயிரும் போகாமல் உள்ளமைப்பைக் கற்கலாம் என்று காட்டிய அந்த முயற்சி மதிப்புக்குரியது. தமனிகளின் பெயரும் கிளையும் தெரிய வேண்டும் என்பதே இலக்கென்றால் திரை நன்றாகவே கற்பிக்கும், திரும்பத் திரும்பப் பார்க்கவும் விடும். என் கவலை வேறு. திரையிலுள்ள தவளை ஒருபோதும் பாடநூலிலிருந்து விலகாது. அதில் கூடுதல் சிரை இருக்காது, முட்டை நிறைந்த வயிறு மற்ற உறுப்புகளை மறைக்காது. தேர்வு தட்டிலிருந்த தவளையிடம் எதிர்பார்த்ததெல்லாம் இந்தத் தவளையிடம் குறைவில்லாமல் இருக்கிறது. கொலையை நிறுத்தினோம், மிக நல்லது. கேள்வியை மாற்றவில்லை.

மாற்றியிருந்தால் கேட்பதற்கு எவ்வளவு இருக்கிறது என்று மேற்குத் தொடர்ச்சி மலை சொல்லும். நூறாண்டாக ஒரே ஒரு தவளையை நம் கல்லூரிகள் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, மண்ணுக்குள் வாழ்ந்து மழைக்காலத்தில் மட்டும் வெளிவரும் ஊதாத் தவளை 2003இல்தான் பிஜுவும் போசுய்ட்டும் எழுதிய கட்டுரையால் அறிவியல் பெயர் பெற்றது. அதன் நெருங்கிய உறவான இன்னொரு இனம் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப்பகுதியிலிருந்து 2017இல் விவரிக்கப்பட்டு, கோவை சாலிம் அலி மையத்தில் பணியாற்றிய ஊர்வன ஆய்வாளர் பூபதியின் பெயரைத் தாங்கியது. புதிய இனத்தைக் கண்டறிவது ஆராய்ச்சியாளர் வேலை, பட்ட வகுப்பு மாணவருக்கு அது எப்படிப் பொருந்தும் என்று கேட்பார்கள். இனம் கண்டறிய வேண்டியதில்லை. கல்லூரிக்கு அருகிலுள்ள குளத்தில் வடகிழக்குப் பருவமழையின் முதல் வாரத்தில் எத்தனை வகைக் குரல்கள் கேட்கின்றன? தலைப்பிரட்டைகள் கோஸ்னர் 1960இல் வகுத்த 46 வளர்ச்சிப் படிகளில் எதில் நிற்கின்றன? பூச்சிமருந்து தெளித்த வயலின் வாய்க்காலிலும் தெளிக்காத வயலின் வாய்க்காலிலும் அந்தப் படிகளை அவை ஒரே வேகத்தில் கடக்கின்றனவா? இவற்றுக்கு எந்தப் பாடநூலிலும் விடை இல்லை. தேர்வாளருக்கும் முன்கூட்டியே தெரியாது. அதனால்தான் இவை பாடத்திட்டக் குழுக்களுக்குச் சங்கடமானவை. விடைக்குறிப்பு இல்லாத செய்முறைத் தாளை வைக்கவும், மாணவர் எழுதிக் கொடுத்த குறிப்பேட்டை அந்தக் குளத்தோடு ஒப்பிட்டு மதிப்பிடவும், இணைப்புக் கல்லூரிகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு முடிவைச் சொல்வதை ஏற்கவும் பல்கலைக்கழகங்கள் முன்வந்தாக வேண்டும்.